தோட்டத்திற்குப் பம்பு வாங்குகிறீர்களா? குதிரைத்திறனைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: தோட்டம் ஏறத்தாழ 400 சதுர மீட்டர். பாதியில் காய்கறிப் பாத்திகள், மீதியில் பழமரங்கள். ஓரத்தில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள உறைக்கிணறு. சொட்டுநீர் போடுவதா, தெளிப்பான் வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. இதற்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் போதுமா, இரண்டாகவே வாங்கிவிடலாமா?

பம்பு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அங்கேதான் தவறும் தொடங்குகிறது. குதிரைத்திறன் மோட்டாரின் வலுவைச் சொல்லும். எவ்வளவு தண்ணீர் வரும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதைச் சொல்லாது. ஒரு குதிரைத்திறன் பம்பு ஒன்று 8 மீட்டர் உயரத்திற்கு மணிக்கு 15,000 லிட்டர் கொட்டலாம். அதே ஒரு குதிரைத்திறனில் இன்னொன்று 50 மீட்டர் உயரத்திற்கு மணிக்கு 1,500 லிட்டர் மட்டுமே ஏற்றலாம். இரண்டும் நல்ல பம்புகளே. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டுமே வீண். ஆகவே செடியிலிருந்து தொடங்கிக் கிணறு வரை பின்னோக்கி வாருங்கள். பம்பு கடைசியில் தானாக முடிவாகும்.

முதலில் தண்ணீரின் அளவு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். நல்ல வெயில் காலத்தில் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 400 சதுர மீட்டருக்கு அது 2,000 லிட்டர். நடைபாதை, மரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் ஆகியவற்றையும் இதில் சேர்த்திருப்பதால் உண்மையான தேவை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் பம்புக்குக் கணக்கிடும்போது மேல்வரம்பை எடுப்பதே சரி. இந்த 2,000 லிட்டரையும் காலையில் ஒரு மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும் என்றால் பம்பு மணிக்கு 2,000 லிட்டர் தர வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடினாலும் பரவாயில்லை என்றால் 1,000 போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் 500 வைத்தாலும் இதே 2,000 லிட்டர்தான் வரும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கிணறு அவ்வளவு தருமா? இதைப் பார்க்காமல் பம்பு வாங்குவது வருமானம் தெரியாமல் கடன் வாங்குவது போல. தண்ணீரை ஓரளவு இறைத்துவிட்டு, மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலக் கிணற்றில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறத்தாழ 17.7 லிட்டர். ஒரு மணியில் 60 சென்டிமீட்டர் ஊறினால் ஊற்று மணிக்கு 1,060 லிட்டர் தருகிறது என்று பொருள். நீங்கள் 2,000 லிட்டர் எடுத்தால் மட்டம் அரை மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். பிறகு ஊறி ஏறிவிடும். இது தாங்கக்கூடியதே. இதே கிணற்றில் மணிக்கு 10,000 லிட்டர் உறிஞ்சும் பம்பை இறக்கினால் அரை மணியில் மட்டம் இரண்டரை மீட்டர் இறங்கிவிடும். அப்புறம் ஓடுவது வெறும் மோட்டார்தான். கோடைக் கடைசியில், தண்ணீர் மிகக் கீழே இருக்கும் நாளில் இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இனி உயரம். கடைக்காரர்கள் ‘ஹெட்’ என்று சொல்வது இதைத்தான். பலர் கிணற்று ஆழத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பம்பு கேட்கிறார்கள். பம்பு சுமக்கும் உயரம் அது மட்டுமல்ல. தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பு வரை ஒன்று, பம்பிலிருந்து தோட்டத்தின் மிக உயர்ந்த இடம் வரை ஒன்று, குழாயின் உள்ளே உரசிப் போவதால் இழப்பது ஒன்று, கடைசியில் சொட்டுவானோ தெளிப்பானோ கேட்கும் அழுத்தம் ஒன்று. நான்கையும் மீட்டரிலேயே கூட்டலாம். ஏனென்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு).

முதல் இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொடும் ஒலி கேட்டதும் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். தோட்டத்தின் ஏற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சரிவு கண்ணை நன்றாக ஏமாற்றும். சமதளம் என்று நினைத்த இடத்தில் ஒன்றரை மீட்டர் ஏற்றம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற மெல்லிய ரப்பர்க் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைப் பம்பு வைக்கும் இடத்திலும் மறுமுனையை மேட்டிலும் பிடித்தால் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து வித்தியாசத்தை அளந்துகொள்வது எளிது. குழாய் குட்டையாக இருந்தால் இடையில் முளைக்குச்சி அடித்து, கட்டம் கட்டமாகப் போகலாம்.

மூன்றாவதான உரசல் இழப்பைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் மணிக்கு 2,000 லிட்டர் போனால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 6 மீட்டர் ஹெட் போய்விடும். அதே தண்ணீரை 20 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் திணித்தால் இழப்பு 17 மீட்டரைத் தாண்டும். 32 மில்லிமீட்டராக்கினால் இரண்டு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். விட்டத்தில் சிறு மாற்றம் செய்தால் இழப்பில் இவ்வளவு பெரிய மாற்றம் வருகிறது. தண்ணீரின் அளவுக்கும் இப்படித்தான்: அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் அனுப்பினால் இழப்பு இரண்டு மடங்காகாது, மூன்றரை மடங்குக்கு மேல் ஆகும். அதனால்தான் மெல்லிய குழாயை வைத்துக்கொண்டு பெரிய பம்புக்கு மாறியவர்கள், மின்கட்டணம் ஏறியும் தண்ணீர் ஏறவில்லையே என்று வருந்துகிறார்கள். குழாய்க்கு ஒருமுறை செலவழித்தால் முடிந்தது. பம்புக்கு ஒவ்வொரு மாதமும் மின்சாரம் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் கொஞ்சத்தை மோட்டாரிலிருந்து எடுத்துக் குழாயில் போடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஓர் எச்சரிக்கை: மில்லிமீட்டர் கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் குழாய்களில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளிவிட்டம். ‘32’ என்று போட்ட குழாயின் உள்ளே 32 இருக்காது. வெட்டிய முனையில் அளவுகோலை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, முனையில் வேண்டிய அழுத்தம். வழக்கமான சொட்டுவானுக்கு ஒரு பார், அதாவது 10 மீட்டர். சிறு தெளிப்பானுக்கு இரண்டு பார், 20 மீட்டர். வெறும் குழாயைக் கையில் பிடித்து வாய்க்காலில் விடுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். ஆகவே பாசன முறையை முடிவு செய்யாமல் பம்பை முடிவு செய்யவே முடியாது.

உங்கள் தோட்டத்திற்கு ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் பம்புக்கு 5 மீட்டர் கீழே, மிக உயர்ந்த பாத்தி 3 மீட்டர் மேலே, இடையில் 25 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 60 மீட்டர் குழாய். குழாய் உரசலுக்கு மூன்றரை மீட்டர். ஃபில்டர், வால்வு, எல்போக்கள் ஆகியவற்றிற்கு 4 மீட்டர். ஃபில்டர் பாதி அடைத்திருக்கும் நாளையும் மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன். சொட்டுநீருக்கு 10. மொத்தம் 25.5, 26 என்று வைப்போம். தெளிப்பான் என்றால் 36. அளவு 2,000 லிட்டர், உயரம் 26 மீட்டர். கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய சீட்டில் இந்த இரண்டு எண்கள்தான் இருக்க வேண்டும்.

இதிலிருந்து குதிரைத்திறனும் வந்துவிடும். நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை ஹெட்டாலும் 9.81-ஆலும் பெருக்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் ஆற்றல் வாட்டில் கிடைக்கும். மணிக்கு 2,000 லிட்டர் என்பது நொடிக்கு 0.556 லிட்டர், 26 மீட்டருக்கு 142 வாட். சின்னப் பம்புகள் வாங்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிது. 35 சதவீதம் என்று வைத்தால் மோட்டார் 405 வாட் தர வேண்டும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, அரைக் குதிரைத்திறன் தடுமாறும்; முக்கால் தாராளம். தெளிப்பானுக்கு ஒன்று. இரண்டு குதிரைத்திறனுக்கு இந்தத் தோட்டத்தில் வேலையே இல்லை.

‘பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்பீர்கள். கெடும். சொட்டுநீர்க் குழாயில் மிகையான அழுத்தம் ஏறினால் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். வால்வைப் பாதி மூடி அடக்கினால் பம்புக்குள்ளேயே தண்ணீர் சுழன்று சூடேறும். கிணறு விரைவில் வற்றும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 40 மீட்டர் ஏற்றுவதற்காகச் செய்த மையவிலக்குப் பம்பை 8 மீட்டரில், குழாயைத் திறந்துவிட்டு ஓட்டினால் அது அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும், ‘காயில்’ எனப்படும் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். ‘அதிக ஹெட் உள்ளதை வாங்கினால் எதற்கும் உதவும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பம்பின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டையும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்ச அளவு 3,000 லிட்டர்’ என்று போட்டிருந்தால் 30 மீட்டரில் 3,000 லிட்டர் வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் வருவதே இல்லை. 30 மீட்டரில் தண்ணீர் சுழியம். குழாயில் நிற்கும், வெளியே வராது. 3,000 லிட்டர் வருவது உயரமே இல்லாதபோது. இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பம்போடு வரும் வரைகோடோ அட்டவணையோ காட்டும். உங்களுக்கு வேண்டிய 26 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பாருங்கள். அந்தப் புள்ளி கோட்டின் நடுப்பகுதியில் விழுந்தால் அதுதான் உங்கள் பம்பு. அட்டவணையைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

இப்போது உறிஞ்சும் பக்கம். தோட்டப் பம்புகளின் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் வளிமண்டலம் கிணற்று நீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. 1643-இல் இத்தாலியில் டாரிச்செல்லியின் சோதனையில் பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே வளிமண்டலத்தால் தாங்க முடிந்த தண்ணீரின் உயரம் 10.3 மீட்டர். எத்தனை குதிரைத்திறன் வைத்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. குழாய் உரசல், தண்ணீரின் வெப்பம், பம்பின் சொந்தத் தேவை ஆகியவை போக நடைமுறையில் 7 மீட்டர்தான் கிடைக்கும். நான் 6 மீட்டருக்கு மேல் நம்புவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரமுள்ள இடத்தில் இதில் இன்னொரு மீட்டரையும் கழித்துக்கொள்ள வேண்டும். தள்ளுவதில் பம்பு கெட்டிக்காரன், இழுப்பதில் இல்லை. எனவே தோட்டத்திற்கு அருகில் வைப்பதைவிடத் தண்ணீருக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள்.

உறிஞ்சு குழாய் பம்பின் வாயைவிட ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். கிணற்றிலிருந்து பம்பு வரை தொடர்ந்து ஏறிக்கொண்டே வர வேண்டும்; நடுவில் திமில் போல எழும்பி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். கீழே, குழாயில் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு தண்ணீருக்குள் அரை மீட்டராவது மூழ்கியிருக்க வேண்டும். அடி மண்ணிலிருந்து ஒரு முழமாவது மேலே இருக்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பம்பு ஐந்து நிமிடம் நன்றாக இறைக்கும், பிறகு தண்ணீர் மெலிந்து நின்றுவிடும். ஃபுட் வால்வை மாற்றினார். மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டினார். தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரையும் மாற்றினார். ஒன்றும் பயன்படவில்லை. நான் போனபோது உறிஞ்சு குழாயின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரக்கசிவு இல்லை. கசிவு இல்லை என்பதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பம்பு ஓடும்போது தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். சோப்பைக் கெட்டியாக நுரைத்து, மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பின் மேலும் பூசினோம். பம்பின் வாயை ஒட்டியிருந்த மரையில் மட்டும் நுரை ஓரிடத்தில் குழிந்தது. ஒரு மயிரிழைக் கோடாகத் திறந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கழற்றி, பழைய நூலைச் சுரண்டி, டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடுக்கினோம். அன்றிலிருந்து நிற்காமல் இறைக்கிறது. காயில் கட்டிய செலவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

எந்த வகைப் பம்பு என்பது இப்போது எளிது. தண்ணீர் எப்போதும் 6 மீட்டருக்குள் இருந்தால், மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் மோனோபிளாக் என்கிற மையவிலக்குப் பம்பு. மேலேயே இருப்பதால் பழுது பார்ப்பது சுலபம். எந்த மெக்கானிக்கும் தொடுவார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிக்க வேண்டிய தொல்லையை விரும்பாதவர்கள் தானே காற்றை வெளியேற்றும் வகையை வாங்கலாம். அதற்கும் முதல்முறை தண்ணீர் நிரப்பத்தான் வேண்டும். கிணற்று மட்டம் பருவத்திற்குப் பருவம் மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்கும் என்றால், தயங்காமல் திறந்த கிணற்றுக்கான நீர்மூழ்கி மோட்டாரை இறக்குங்கள். அது கீழிருந்து தள்ளுவதால் உறிஞ்சும் எல்லை அதற்குப் பொருந்தாது. உங்கள் கிணற்றுக்கு 5 மீட்டர் என்பது கோடை அளவாக இருந்தால் மோனோபிளாக், மழைக்கால அளவாக இருந்தால் நீர்மூழ்கி என்பதே என் தீர்ப்பு. ஆழ்துளைக் கிணறு என்றால் அதற்கான ஒல்லியான நீர்மூழ்கிதான். அந்த மோட்டார் தன் உடலை உரசிச் செல்லும் தண்ணீரால் குளிர்வது. அகலமான தொட்டியில் அப்படியே போட்டால் சூடேறிப் போகும். சுற்றி ஓர் உறைக் குழாய் மாட்ட வேண்டும். ஜெட் பம்பு, ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பி ஏற்றுவது, மின்சாரத்தை விழுங்கும். வேறு வழி இல்லாதபோது மட்டும்.

கையடக்கமாக, விலை குறைவாக, ‘அரைக் குதிரைத்திறனில் 40 மீட்டர்’ என்று விற்கும் பெரிஃபெரல் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பொய்யில்லை, உண்மையிலேயே ஏற்றும். ஆனால் உள்ளே இம்பெல்லருக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி மிக நுண்ணியது. மணல் கலந்த தண்ணீர் வந்தால் தேய்ந்து, ஏற்றும் திறன் போய்விடும். வால்வை மூடிவைத்து அதை ஓட்டவும் கூடாது; மையவிலக்குப் பம்புகளுக்கு நேர்மாறாக, வால்வு மூடியிருக்கும்போதுதான் அது மிகுதியான மின்சாரத்தை இழுக்கும். தெளிந்த நீருக்கு மட்டும் வாங்குங்கள்.

தண்ணீரே இல்லாமல் ஓடினால் சுழலும் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் வெந்துபோகும். கிணற்றில் மட்டம் பார்க்கும் மிதவை ஸ்விட்ச் ஒன்றைப் பம்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சொட்டுநீருக்கு 120 மெஷ் (அங்குலத்திற்கு 120 கண்ணிகள் உள்ள வலை) ஃபில்டர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஈரக்காலோடு, ஈரக்கையோடு தொடும் கருவி இது. எர்த் கம்பி கட்டாயம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். கிணற்றிலோ தொட்டியிலோ யாராவது இறங்குவதற்கு முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வெளியே வைக்க வேண்டும். பம்பு வீட்டிலிருந்து தொலைவில் இருந்தால் கேபிள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கும்.

இன்னொரு சிறிய பொருளையும் சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பம்பின் வெளிப்பக்கக் குழாயில் மாட்டும் ஓர் அழுத்தமானி. பம்பை முதல்முறை ஓட்டும் நாளில் அது காட்டும் எண்ணையும், 10 லிட்டர் வாளி நிரம்ப எடுக்கும் நொடிகளையும் பம்பு அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். மணிக்கு 2,000 லிட்டர் என்றால் வாளி 18 நொடியில் நிரம்பும். ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் குறைந்தது போலத் தோன்றினால் அந்தச் சுவருக்குப் போங்கள். அழுத்தம் அன்றைவிடக் கூடி, தண்ணீர் குறைந்திருந்தால் அடைப்பு பம்புக்கு அப்பால், பெரும்பாலும் ஃபில்டரில். அழுத்தமும் குறைந்து தண்ணீரும் குறைந்திருந்தால் கோளாறு பம்பிலோ உறிஞ்சு குழாயிலோ இருக்கலாம். முதலில் சோப்பு நுரையை எடுங்கள், மெக்கானிக்கைப் பிறகு அழைக்கலாம்.